ரஃபேல் வரைந்த போப் இரண்டாம் ஜூலியஸ்: கேள்வி பதில்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிற, மரப்பலகையில் தீட்டிய தைல ஓவியம் இது. சிவப்புத் தொப்பி, தோளில் சிவப்பு மேலங்கி, பின்னால் பச்சைத் திரை, நாற்காலியில் தாடி வைத்த ஒரு கிழவர். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெரிய போர்வீரர் என்கிறார்கள். இவர் ஓய்ந்துபோன தாத்தா மாதிரி இருக்கிறாரே, ஐயா?

முகத்தை விடுங்கள், கைகளைப் பாருங்கள். வலது கை ஒரு வெள்ளைத் துணியைச் சும்மா பிடித்திருக்கிறது. இடது கையோ நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருக்கிறது. 1511 ஜனவரியில், கொட்டும் பனியில், இத்தாலியின் மிராண்டோலா கோட்டை முற்றுகைக்கு நேரில் போய் நின்ற கை அது. வயது அப்போது 67.

போப்புகள் தாடி வைப்பார்களா?

அந்தக் காலத்தில் வழக்கமில்லை. இவர் வைத்தது 1510 கடைசியில் நோயில் படுத்தபோது. பிரெஞ்சுக்காரர்களை இத்தாலியை விட்டுத் துரத்தும்வரை மழிப்பதில்லை என்று சபதம். பாஞ்சாலி கூந்தல் மாதிரிதான். 1511 மே மாதம் இவர் ஆட்சியில் இருந்த போலோஞா நகரமும் பிரெஞ்சுக்காரர்களால் கைவிட்டுப் போயிற்று. ஆனால் பாஞ்சாலியின் பொறுமை இவருக்கு இல்லை. பிரெஞ்சுப் படை வெளியேறுவதற்கு முன்பே, 1512 மார்ச் வாக்கில், தாடியை எடுத்துவிட்டார். படம் 1511-12இல் வரைந்தது என்று சொல்ல இந்தத் தாடிதான் பெரிய தடயம்.

நாற்காலியில் அந்தத் தங்கக் குமிழ்கள் என்ன?

ஓக் மரக் காய்கள். குடும்பப் பெயர் டெல்லா ரோவெரே. 'ரோவெரே' என்றால் ஓக். படத்தைப் பெரிதாக்கிக் குமிழை மட்டும் பாருங்கள்: சன்னல் வெளிச்சமும் மேலங்கியின் சிவப்பும் அதில் மின்னும்.

பிளாரன்ஸ் உஃபிஸி அருங்காட்சியகத்திலும் இதே படம் இருக்கிறதே, எது அசல்?

லண்டன் படம்தான். அதை நெடுங்காலம் நகல் என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1970 வாக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பச்சைத் திரைக்கு அடியில் வேறொரு பின்னணி! போப்பின் சாவிகளும் மணிமுடியும் பொறித்த துணியை முதலில் வரைந்து, பிறகு ரஃபேல் அழித்திருக்கிறார். நகலெடுப்பவர் எதற்கு மனம் மாறப் போகிறார்?

மைக்கலாஞ்சலோவைப் படுத்தியெடுத்த போப் இவர்தானா?

இவரேதான். வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ ஓவியம் தீட்டியதும் இதே காலத்தில், 1508 முதல் 1512 வரை.

ஏன் நம்மைப் பார்க்கவே இல்லை?

நம்மை அவர் பக்கத்தில், ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார் ரஃபேல். அறைக்குள் விட்டாயிற்று, ஆனால் இன்னும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பின்னால் வந்த போப் ஓவியங்களுக்கு இந்த அமைப்பே முன்மாதிரி ஆயிற்று. 1650இல் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த போப் பத்தாம் இன்னொசென்ட் இதே தோரணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன, அவர் நம்மையே முறைக்கிறார்.