கால்நடை மருத்துவர் பதில்கள்: நாயின் பாத அரிப்பும் தோல் ஒவ்வாமையும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் 3 வயது லாப்ரடார் நாய் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து முன்னங்கால் பாதங்களை இரவெல்லாம் நக்கிக்கொண்டே இருக்கிறது. விரலிடுக்கில் தோல் சிவந்து, முடி பழுப்பாக மாறி, ஒரு வாடையும் வருகிறது. என் மாமியார் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினார். பிறகு மருந்துக் கடையில் கேட்டு, மனிதர்களுக்கான படர்தாமரைக் களிம்பு ஒன்றைப் போட்டோம். சில நாள் அடங்கியிருந்துவிட்டு இப்போது முன்னைவிட அதிகமாகிவிட்டது. வீட்டிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் களிம்பை இன்றே நிறுத்திவிடுங்கள். படர்தாமரைக்கென்று மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியுடன் வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் வேகமாக அடக்கிவிடுவதால் நோய் குணமாகிவிட்டதாகத் தோன்றும். தடவுவதை நிறுத்தியதும், தோலின் எதிர்ப்பு குறைந்திருந்த நாட்களில் பெருகிய கிருமிகளோடு அரிப்பு திரும்பி வரும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது. பாதத்தில் எதைத் தடவினாலும் நாய் அதைச் சில நிமிடங்களில் நக்கி விழுங்கிவிடும். ஆகையால் நாயின் காலுக்குப் போடும் மருந்து பெரும்பாலும் அதன் வயிற்றுக்கே போய்ச் சேர்கிறது. பாத அரிப்புக்கு யார் எந்தக் கைமருந்தைச் சொன்னாலும், இதை நாய் விழுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்த பிறகே அதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் மாமியார் அக்கறையோடுதான் செய்திருக்கிறார். ஆனால் வேப்பெண்ணெயை நக்கினால் சில நாய்கள் எச்சில் ஒழுக்கி வாந்தி எடுக்கும். அதன் பிசுக்கு விரலிடுக்கில் ஈரத்தையும் அடைத்து வைக்கும். மஞ்சளால் பெரிய கெடுதி இல்லையென்றாலும், தோலுக்கு அதன் நிறம் ஏறிவிட்டால் சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று மருத்துவரால் பார்த்துச் சொல்ல முடியாது. சூடம், மண்ணெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், குழந்தைகளின் தடிப்புக்குப் போடும் துத்தநாகக் களிம்பு, சொரியாசிஸ் களிம்பு ஆகியவற்றை நாயின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இவை உள்ளே போனால் நஞ்சாகும்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களிலிருந்து பாதத்தில் என்ன நடக்கிறது என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. வெளிர் நிற முடி பழுப்பாவது எச்சிலில் உள்ள நிறமியால். நாய் ஓர் இடத்தைப் பல நாட்களாக நக்குகிறது என்பதற்கு அதுவே சாட்சி. விரலிடுக்கை விரித்து முகர்ந்தால் புளித்த மாவின் வாடை அடித்து, தோல் பிசுபிசுப்பாக இருந்தால், மலசீசியா என்னும் ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்க வாய்ப்பு மிகுதி. இந்தப் பூஞ்சை எல்லா நாய்களின் தோலிலும் சிறிதளவு இருப்பதுதான். ஈரமும் எச்சிலும் ஓயாமல் சேரும்போது அது பெருகுகிறது, பெருகினால் அரிக்கிறது, அரித்தால் நாய் மேலும் நக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா மாவட்டங்களில் தெருவும் முற்றமும் காயாமல் கிடப்பதால் இந்தச் சுழற்சிக்கு முடிவே இருப்பதில்லை.

பூஞ்சைக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஒவ்வாமை இருக்கும். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், மகரந்தம், ஈரச் சுவரில் படரும் பூசணம் முதலியவற்றுக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டுவதை அடோபி என்கிறோம். இது பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தலைகாட்டும். முகம், காது, அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களையே அதிகம் பிடிக்கும். லாப்ரடார் இனத்தில் இது அடிக்கடி காணப்படுவது. ஆகவே உங்கள் நாயின் காதுகளையும் மடித்துப் பாருங்கள். உட்புறம் சிவந்து மெழுகு சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

கழுவத் தொடங்கும் முன் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, நான்கு பாதங்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு பாதத்தை மட்டும் விடாமல் நக்கும் நாய்க்கு ஒவ்வாமையைவிட நெருஞ்சி முள், கண்ணாடித் துண்டு, பிளந்த நகம் போன்றவை இருக்கவே வாய்ப்பு அதிகம். உண்ணிகள் காதுக்கு அடுத்தபடியாக ஒளிந்துகொள்ளும் இடமும் விரலிடுக்குதான். உண்ணி இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். விரலால் நசுக்கவோ நெருப்பால் சுடவோ கூடாது.

இனிக் கழுவும் முறை. வெளியே போய்வந்த ஒவ்வொரு முறையும் ஓர் அகலமான பேசினில் சாதாரணத் தண்ணீர் வைத்து, ஒவ்வொரு பாதத்தையும் ஓரிரு நிமிடம் அதில் அமிழ்த்தி, விரலிடுக்கில் உங்கள் விரலால் மெதுவாக அலசுங்கள். சூடான நீர் அரிப்பைத் தூண்டும், தவிர்த்துவிடுங்கள். பிறகு பருத்தித் துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி, ஒவ்வொரு விரலிடுக்கும் மேல்புறமும் கீழ்ப்புறமும் முழுமையாக உலரும்வரை துடைத்து, சிறிது நேரம் மின்விசிறியின் கீழ் படுக்க வையுங்கள். கழுவுவதில் காட்டும் கவனத்தைவிட உலர்த்துவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சரியாக உலர்த்தாமல் அடிக்கடி கழுவினால் நாமே பூஞ்சைக்கு ஈரம் ஊட்டியதாகிவிடும்.

இதோடு வாரம் இருமுறை, குளோர்ஹெக்ஸிடினும் மைக்கோனசோலும் கலந்த, நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஷாம்பூவால் பாதங்களைக் கழுவலாம். நுரையை 10 நிமிடம் அப்படியே விட்டு வைத்தால்தான் மருந்து வேலை செய்யும். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த 10 நிமிடத்தைத்தான். ஒருவர் நாயைத் தடவிக்கொடுத்துப் பேச்சுக் கொடுத்தபடி அது நக்காமல் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்திருந்து, பிறகு நுரை துளியும் மிச்சமில்லாமல் அலசிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தால் வாரம் ஒரு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஷாம்பூ கிடைக்கும்வரை, புண் இல்லாத பாதமாக இருந்தால், போவிடோன் அயோடின் திரவத்தைத் தண்ணீர் வெளிர் பழுப்பு நிறமாகும் அளவுக்கு மட்டும் விட்டு, பாதத்தை நனைத்து உலர்த்தலாம். மனிதர்களின் சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது, அதனால் நம்முடையவை அதன் தோலை வறளச் செய்யும்.

தரை துடைக்கும் பினாயிலையும் கவனியுங்கள். அந்த ஈரத்தில் நடக்கும் பாதம் எரியும். எரிந்தால் நாய் நக்கும். நக்கினால் பினாயில் வாய்க்குப் போகும். துடைத்த பிறகு வெறும் தண்ணீரால் ஒரு முறை துடைத்து, தரை காயும்வரை நாயை அந்த அறையில் விடாமல் இருங்கள். அது படுக்கும் சாக்கையோ மெத்தை விரிப்பையோ வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். இரவில் நக்குவதைத் தடுக்கச் சிலர் காலுறை மாட்டி விடுகிறார்கள். அது உள்ளே வியர்வையை அடைத்து வைக்கும். கழுத்தில் மாட்டும் கூம்பு வடிவக் காலர் அதைவிட நல்லது.

சீழ், இரத்தம், விரல்களுக்கிடையே கட்டி, நொண்டல், காய்ச்சல், உணவில் வெறுப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அல்லது மேற்சொன்ன கவனிப்பை இரண்டு வாரம் செய்தும் நாய் இரவில் தூங்காமல் நக்கினாலும், கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் ஒட்டுநாடாவால் தோலில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சையா பாக்டீரியாவா என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். அடோபி என்று உறுதியானால், அது முற்றிலும் மறைந்துவிடும் என்று நம்பவைக்க நான் விரும்பவில்லை. ஆயுள் முழுதும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய நோய் அது. அதற்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, நாயும் நிம்மதியாக வாழும்.

கேள்வி: எங்கள் நாய் ஆண்டு முழுவதும் சொறிந்துகொண்டே இருக்கிறது. கோழிக்கறிதான் காரணம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உணவு ஒவ்வாமையை இரத்தப் பரிசோதனையால் நம்பகமாகக் கண்டறிய முடியாது என்பதால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். பருவம் பாராமல் ஆண்டு முழுவதும் அரிப்பு இருந்தால் உணவைச் சந்தேகிப்பது நியாயமே. மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை ஆகியவை நாய்களுக்கு ஒவ்வாமை தருவதில் முன்னே நிற்பவை. அரிப்பு இடுப்பிலும் வால் தொடங்கும் இடத்திலும் மிகுதியாக இருந்தால் மட்டும், உணவைச் சந்தேகிக்கும் முன் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டுப் பாருங்கள்.

கண்டறியும் ஒரே வழி விலக்கு உணவு. உங்கள் நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஓர் இறைச்சியோ மீனோ ஒன்றையும், ஒரே ஒரு மாவுப்பொருளையும் தேர்ந்தெடுத்து, 8 வாரம் அவற்றைத் தவிர வேறு எதையும் தரக்கூடாது. கோழியும் சோறும் தயிரும் தின்று வளர்ந்த நாய்க்கு முள் நீக்கி வேகவைத்த மத்தி மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பொருந்தலாம். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேரக்கூடாது; வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஒரு வயது நிரம்பாத குட்டியாக இருந்தால் மருத்துவர் வகுத்துத் தரும் உணவைத்தான் தர வேண்டும்.

இந்த 8 வாரம் தோற்றுப்போவது பெரும்பாலும் தாத்தா தேநீரோடு தரும் ஒரு பிஸ்கட்டால்தான். பிஸ்கட்டில் கோதுமையும் பாலும் உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும், வாசலில் நின்று கொஞ்சுபவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுவையூட்டிய பூச்சி மாத்திரையைக்கூட மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அரிப்பு அடங்கினால், பிறகு கோழியை மட்டும் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீண்டும் வந்தால்தான் கோழி காரணம் என்று சொல்ல முடியும். உணவை மாற்றியதும் குறைந்துவிட்டது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது.

கேள்வி: 5 மாதச் சிப்பிப்பாறைக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டுகிறது. அரிப்பு அதிகம் இல்லை. வண்டி எஞ்சினில் இறக்கிய பழைய ஆயிலைப் பூசினால் சரியாகும் என்கிறார்கள். பூசலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: கூடவே கூடாது. எங்கள் ஊர்ப் பக்கங்களில் தலைமுறையாகச் சொல்லப்படும் இந்த வைத்தியத்தால் குட்டிகள் இறந்திருக்கின்றன. பழைய எஞ்சின் ஆயிலில் உள்ள நச்சுப் பொருட்கள் தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஏற்கெனவே பூசியிருந்தால், மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்தால் பலமுறை கழுவி, நக்கவிடாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டெமோடெக்ஸ் என்னும் சொறிப்பூச்சியைச் சுட்டுகின்றன. இது முடி வேரில் வாழ்வது. குட்டி பிறந்த முதல் நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து தொற்றுவது. பெரும்பாலான நாய்களில் சத்தமில்லாமல் இருந்துவிடும். எதிர்ப்பாற்றல் முதிராத குட்டியில் மட்டும் பெருகும். மனிதர்களுக்கு ஒட்டாது. ஓரிரு இடங்களோடு நின்றால், நல்ல உணவும் குடற்புழு நீக்கமும் கிடைத்த குட்டிகள் பலவற்றுக்குத் தானாகவே ஆறிவிடும். பரவினால் மாத்திரை தேவைப்படும். அரசு கால்நடை மருந்தகத்திலோ, திருநெல்வேலியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ தோலைச் சுரண்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி மட்டும் இந்நோய்க்குப் போடவே கூடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காது ஓரமும் முழங்கையும் தடித்து, குட்டி ஓயாமல் சொறிந்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் கை, வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் வந்தால், அது சார்காப்டிஸ் என்னும் வேறு சொறி. வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தர வேண்டும்.

கேள்வி: அரிப்புக்கு நாங்கள் போட்டுக்கொள்ளும் செட்டிரிசின் மாத்திரையை நாய்க்குத் தரலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: சில நாய்களுக்கு மருத்துவர்கள் அதை எழுதித் தருவதுண்டு, ஆனால் நாயின் ஒவ்வாமை அரிப்புக்கு அதன் பலன் குறைவே. அளவு நாயின் எடையைப் பொறுத்தது. மூக்கடைப்புக்கென்று வேறு மருந்து சேர்த்து விற்கும் கூட்டு மாத்திரைகள் நாய்க்கு ஆபத்தானவை. பாராசிட்டமால், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் அவ்வாறே. மாத்திரை அட்டையை மருத்துவரிடம் காட்டி, நாயை எடை போட்ட பிறகு அவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடியவை.