மூடியால் ஒரு வேலி: மீள்சுழற்சி நிலையத்துக்கு எந்தக் கலைப்படைப்பு பொருந்தும்?

கோப்பாயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சனசமூக நிலையக் காணியில் பிளாஸ்டிக், போத்தல், தகரம் சேர்த்து மீள்சுழற்சிக்கு அனுப்புகிறோம். ஒழுங்கைப் பக்கம் கம்பி வேலி இருக்கிறது. அந்த இடத்துக்கென்றே ஒரு நிறுவல் படைப்பு செய்ய ஆசை. போத்தல்களை ஒட்டிப் பெரிய மீன் ஒன்று செய்யலாமா?"

செய்யலாம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டுபோய் யாழ்ப்பாணம் பண்ணைக் கடலோரம் வைத்தாலும் அது அதே மீன்தான். ஓர் இடத்துக்கென்று செய்யும் படைப்பு அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அர்த்தம் இழக்கவேண்டும். அதனால் உருவத்தைப் பிறகு யோசிக்கலாம், முதலில் காணியைப் பாருங்கள். பிரதேச சபையின் உழவு இயந்திரம் பெட்டியோடு எங்கே திரும்புகிறது? சைக்கிளில் மூட்டை கட்டி வருகிறவர்கள் எந்தப் பக்கத்தால் நுழைகிறார்கள்? இதை அசட்டை செய்யக்கூடாது. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 1981இல் நியூயோர்க்கில் ஓர் அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே சுமார் 36 மீட்டர் நீள இரும்புச் சுவரை நிறுத்தினார். சுற்றிப் போகவேண்டியிருக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்கள் பலர் முறையிட, வழக்கெல்லாம் நடந்து, 1989இல் கழற்றிவிட்டார்கள்.

நான் என்றால் அந்த வேலியில்தான் தொடங்குவேன். யாழ்ப்பாணத்தாருக்கு வேலியும் வேலிப் பொட்டும் (வேலியில் விடும் சிறு திறப்பு) சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய சைக்கிள் றிம்களை வேலியில் கட்டுங்கள். போத்தல் மூடிகளைக் கோத்து, சில்லுக்குக் கம்பி போட்டதுபோல றிம்முக்குள் இழுத்துக் கட்டுங்கள். பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் ஒரு பொட்டு விட்டு, உள்ளே ஒரு வாளி வைத்தால், பள்ளிக்கூடம் போகிற வழியில் மூடியைப் போட்டுவிட்டுப் போவார்கள். றிம் நிறைந்ததும் மூடிகளைக் கழற்றி மீள்சுழற்சிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். ஊர் என்ன குடித்தது என்பதை நிறங்களே காட்டிக்கொடுக்கும்.

இதற்காகத்தான் பசையும் பெயின்றும் வேண்டாம் என்கிறேன். குளிர்பானப் போத்தல் ஒருவகை பிளாஸ்டிக், அதன் மூடி பெரும்பாலும் வேறுவகை. ஒட்டிவிட்டால் பிரிக்கும் வேலை இரட்டிப்பு, பெயின்ற் பட்டதை வாங்குகிறவர் ஒதுக்கிவிடவும் கூடும். மூடியில் துளை போட ஆணியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள், அந்தப் புகை நல்லதல்ல. நாலைந்து மூடிகளைப் பலகையில் அடுக்கி, அசையாமல் இறுக்கிப் பிடித்து, 3 மில்லிமீட்டர் துளைப்பான் அலகால் துளையிட்டால் போதும். கோக்கத் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) சரி, ஆனால் வழுக்கும். இரட்டை முடிச்சுப் போடவேண்டும். அலுமினியத் தகரங்களையும் சேர்ப்பதானால் இரும்புக் கம்பியால் கட்டவேண்டாம். உப்புக்காற்றில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

சோளகக் காற்றும் வாடைக் காற்றும் சும்மா விடாது. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்கு. ஆகவே இடைவெளி விட்டுக் கட்டுங்கள், வேலித் தூண்களையும் ஒருதடவை ஆட்டிப் பாருங்கள். மூடிகளின் வாய் கீழ்நோக்கியே இருக்கட்டும். மாரியில் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு நுளம்பு பறக்கத் தொடங்கிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும். நகத்தால் அழுத்தி வெடிப்பு விழுந்தால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் துகள் துகளாக மண்ணில் சேரும்.

பழைய பற்றரி, பெயின்ற் தகரம் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், எவ்வளவு வடிவாக இருந்தாலும். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். மழை கழுவுவது வெடிப்புகளால் விரைவாக இறங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கும்.

வேலி ஒழுங்கையைப் பார்த்திருப்பதால் பிரதேச சபைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை யார் பார்ப்பார், எப்போது கழற்றுவீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.