போல்ட் இட்டாலிக்கை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலை நானே கணினியில் வடிவமைத்து வருகிறேன். முக்கியமான பத்திகளை டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவின் போல்ட் இட்டாலிக்கில், அதாவது தடித்துச் சாய்ந்த எழுத்தில் வைத்தேன். பார்த்தவர்கள் கண் வலிக்கிறது என்கிறார்கள். எனக்கோ அந்த எழுத்தின் வளைவுகள் மிகவும் பிடித்திருக்கின்றன. அப்படியானால் அதை எங்கேதான் பயன்படுத்துவது?

க.

அன்புள்ள க.,

உங்கள் ரசனையில் பிழையில்லை. அழகான எழுத்துதான், ஆனால் பத்திக்கு ஆகாது.

இட்டாலிக் பிறந்தபோது ஒரு சொல்லை அழுத்திக் காட்டும் வேலை அதற்கு இல்லை. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்க நூலாக வெளியிட்டபோது, முழு நூலையும் அதில்தான் அச்சுக் கோத்தார். அச்செழுத்தை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. வேகமாக எழுதும் கையெழுத்தின் சாயல் அதில் இருந்தது. (பெரிய எழுத்துகள் மட்டும் அப்போது சாயாமல் விறைப்பாக நின்றன. பார்க்க வேடிக்கையாக இருக்கும்.) கொழுத்த எழுத்துகள் பரவியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவரொட்டிகளுக்காக. தூரத்திலிருந்து கூவிக் கூப்பிடுவதற்கென்று வந்தவை அவை. கையெழுத்தும் கூவலும் ஒரே உடம்பில் சேர்ந்ததுதான் உங்கள் போல்ட் இட்டாலிக்.

அதை 72 புள்ளி அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். சின்ன ‘ஏ’ (a) தன் மேல்கூரையை உதறிவிட்டு ஒற்றை வயிற்றோடு நிற்கும். ‘எஃப்’ அடிக்கோட்டுக்குக் கீழே வாலை இறக்கும். செரிஃப்கள் (கோடுகளின் முனையில் வரும் சிறு கீற்றுகள்) தட்டையான பாதங்களாக இல்லாமல், பேனா தாளைத் தொட்டு எடுத்த கீற்றுகளாக இருக்கும். அதையே 11 புள்ளிக்குக் குறைத்தால் ‘ஏ’, ‘இ’ போன்றவற்றின் உள்ளிடம் அடைபட்டு, வரி முழுக்கக் கறுப்பாகிவிடும். கண் வலிப்பது அதனால்தான்.

அது இல்லாமல் முடியாத இடமும் உண்டு. தலைப்பு முழுவதும் போல்டில் இருக்கிறது, நடுவில் ஹோமோ சேப்பியன்ஸ் என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிரினங்களின் அறிவியல் பெயர்களை இட்டாலிக்கில் போடுவது மரபு. அங்கே வேறு வழியே இல்லை. கணிதத்தில் வெக்டர்களையும் போல்ட் இட்டாலிக்கில் அச்சிடுவது உண்டு. மற்றபடி அட்டை, இயல் தலைப்பு, இரண்டு மூன்று சொற்களில் அடங்கும் எதுவும் சரி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. டைம்ஸில் போல்ட் இட்டாலிக் தனியாக வரையப்பட்டிருக்கிறது. அது இல்லாத எழுத்துருவுக்கு மாறினால், மென்பொருள் சத்தமில்லாமல் சாதாரண எழுத்தையே தடிமனாக்கிச் சாய்த்துக் கொடுத்துவிடும். அது எனக்கு ஆகவே ஆகாது.

உங்கள் முக்கியமான பத்திகளைச் சாதாரண எழுத்திலேயே விட்டு, இருபுறமும் சற்று உள்ளே தள்ளுங்கள். ஆசைப்பட்ட வளைவுகளை இயல் தலைப்புகளில் 24 புள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவை மாற்றினால், அச்சுக்கு அனுப்பும் முன் அந்தச் சின்ன ‘ஏ’யை ஒருமுறை பாருங்கள். கூரை அப்படியே இருந்தால் பெரும்பாலும் அது போலிதான்.