டெராஃபார்ம் எதை முதலில் கட்டும், எதை முதலில் இடிக்கும்? கேள்வி பதில்

கிளவுட் வசதிகளை ஃபைலில் எழுதிவைத்துக் கட்டும் கருவி டெராஃபார்ம். அதன் டிபெண்டன்சி கிராஃப் (எது எதற்குக் காத்திருக்கும் என்ற வரைபடம்) பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. உதாரணங்கள் எல்லாம் அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ். சார்ந்தவை, நான் தினமும் புழங்குவது அதில்தான்.

கேள்வி: சப்நெட்டை ஃபைலின் மேலேயும், அது உட்காரும் தனி நெட்வொர்க்கான வி.பி.சி.யைக் கீழேயும் எழுதிவிட்டேன். ஆனாலும் வி.பி.சி. முதலில் உருவானது. எப்படி அண்ணா?

பதில்: ஃபைலில் எது மேலே, எது கீழே என்று டெராஃபார்ம் பார்ப்பதே இல்லை. அந்த ஃபோல்டரில் உள்ள எல்லா ஃபைல்களையும் ஒன்றாகப் படிக்கும். ஒவ்வொரு ரிசோர்ஸும் (கட்டப்படும் ஒவ்வொரு பொருளும்) கிராஃபில் ஒரு புள்ளி. உங்கள் சப்நெட்டில் வி.பி.சி. ஐடி என்ற இடத்தில் அந்த வி.பி.சி. ரிசோர்ஸின் பெயரைச் சொல்லி அதன் ஐடியைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு குறிப்புதான் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கோடு போடுகிறது.

சப்நெட் என்பது வி.பி.சி.க்குள் இருக்கும் பொருள் என்று டெராஃபார்முக்குத் தெரியாது. நீங்கள் எழுதிய குறிப்பு மட்டும்தான் தெரியும். அதே இடத்தில் ஏ.டபிள்யூ.எஸ். வலைப்பக்கமான கன்சோலிலிருந்து ஐடியைக் காப்பி செய்து மேற்கோள் குறிகளுக்குள் ஒட்டியிருந்தால் கோடே விழாது. தயவுசெய்து ஐடியை ஒட்டாதீர்கள்.

கோடுகள் போட்ட பிறகு, எங்காவது சுற்றி வந்து தன்னையே தொடுகிறதா என்று சரிபார்க்கும். இல்லையென்றால் நடக்கத் தொடங்கும். யாருக்கும் காத்திருக்க வேண்டாத புள்ளிகள் உடனே கிளம்பும், ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10. ஒன்று முடிந்ததும் அதற்காகக் காத்திருந்தவை கிளம்பும். டெஸ்ட்ராய் செய்யும்போது (கட்டியதை இடிக்கும்போது) அதே கோடுகள் திசை மாறும்: சப்நெட் போன பிறகுதான் வி.பி.சி. போகும்.

கேள்வி: அந்த 10-ஐ 50 ஆக்கினால் வேகமாகுமா?

பதில்: பெரும்பாலும் ஆகாது. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் மிக நீளமான சங்கிலிதான் மொத்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. டேட்டாபேஸ் எழும்ப எடுக்கும் நேரத்தை எந்த எண்ணும் குறைக்காது. மேலே ஏற்றினால் ஏ.டபிள்யூ.எஸ். ஏற்கும் கோரிக்கைகளின் (ஏ.பி.ஐ.) வரம்பில் முட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: ஆப்பின் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து (போக்குவரத்தை அனுமதிக்கும் ரூல்களின் தொகுப்பு) டேட்டாபேஸின் (டிபி) குரூப்புக்கு வெளியே போகும் ரூல், டிபி குரூப்பில் ஆப்பிலிருந்து உள்ளே வரும் ரூல். எழுதியதும் ‘சைக்கிள்’ (சுற்று) என்று எர்ரர். ஏ.டபிள்யூ.எஸ். கன்சோலில் இதைச் செய்ய முடிகிறதே?

பதில்: கன்சோலில் நீங்கள் முதலில் இரண்டு காலி குரூப்பை உருவாக்கி, அப்புறம் ரூல் சேர்த்தீர்கள். டெராஃபார்ம் ஃபைலில் ரூலைக் குரூப்புக்குள்ளேயே எழுதியதால் ஒவ்வொரு குரூப்பும் மற்றதன் ஐடிக்குக் காத்திருக்கிறது. யாரும் முதலில் பிறக்க முடியாது.

கையால் செய்ததையே ஃபைலிலும் செய்யுங்கள். ரூல் இல்லாத இரண்டு குரூப், பிறகு இரண்டையும் குறிப்பிடும் தனித்தனி ரூல் ரிசோர்ஸ்கள். இப்போது கோடுகள் ரூலிலிருந்து குரூப்புகளுக்கு மட்டும் போகும், சுற்று உடைந்துவிடும். ஒரே குரூப்பில் உள்ளே எழுதிய ரூலையும் தனி ரூலையும் கலக்காதீர்கள். ஒவ்வொரு அப்ளையிலும் (எழுதியதை நடைமுறைப்படுத்தும்போதும்) ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: என் நாட் கேட்வே (உள் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழி) எப்போதாவது ஒரு முறை மட்டும் உருவாகாமல் விழுகிறது. வி.பி.சி.யில் இன்டர்நெட் கேட்வே இல்லை என்கிறது. ஆனால் இருக்கிறது!

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நாட் கேட்வே குறிப்பிடுவது சப்நெட்டையும், எலாஸ்டிக் ஐ.பி. என்ற நிலையான பொது முகவரியையும். இன்டர்நெட் கேட்வே குறிப்பிடுவது வி.பி.சி.யை. இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. வழக்கமாக இன்டர்நெட் கேட்வே முந்திக்கொள்கிறது, அதனால் வேலை செய்கிறது. ஒரு நாள் பிந்துகிறது, விழுகிறது. உறவு உண்மை, ஆனால் ஃபைலில் தெரியவில்லை. ‘இதற்காகக் காத்திரு’ என்று நாமே எழுதும் டிபெண்ட்ஸ் ஆன் இருப்பது இதற்குத்தான். நாட் கேட்வேயில் ஒரே வரி போடுங்கள், ஏன் என்று மேலே ஒரு கமென்ட்டும் எழுதுங்கள். இடிக்கும்போதும் அது காப்பாற்றும்: நாட் கேட்வேயின் பொது ஐ.பி. போன பிறகே இன்டர்நெட் கேட்வே கழலும்.

கேள்வி: அப்படியானால் எல்லா மாட்யூலிலும் (ரிசோர்ஸ்களின் தொகுப்பு) டிபெண்ட்ஸ் ஆன் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே? எங்கள் டீமில் அதுதான் வழக்கம்.

பதில்: வேண்டாம். மாட்யூலுக்கு டிபெண்ட்ஸ் ஆன் போடும் வசதி 2020-இல் 0.13 பதிப்பில் வந்தது. அன்றிலிருந்து இதனால் பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நானும் பட்டிருக்கிறேன்.

சர்வர் மாட்யூலுக்குள் ஏ.எம்.ஐ.யை (சர்வர் கிளம்பும் டிஸ்க் படிமம்) தேடும் டேட்டா சோர்ஸ் (ஏற்கெனவே இருப்பதைப் படித்துவரும் பிளாக்) ஒன்று. வெளியே, மாட்யூல் முழுவதும் நெட்வொர்க் மாட்யூலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி. ஒரு நாள் மாலை, நெட்வொர்க்கில் ஒரு டேக்கை மட்டும் மாற்றினேன். நெட்வொர்க்கில் மாற்றம் நிலுவையில் இருப்பதால் டேட்டா சோர்ஸை இப்போது படிக்க முடியாது என்று டெராஃபார்ம் தள்ளிப்போட்டது. ஏ.எம்.ஐ. ‘அப்ளைக்குப் பிறகே தெரியும்’ ஆனது. ஏ.எம்.ஐ. மாறினால் சர்வரை மாற்றியே ஆக வேண்டும் என்பதால் ஓடிக்கொண்டிருந்த எல்லா சர்வரும் அழித்துக் கட்டும் பட்டியலில் வந்துவிட்டன. என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் பிளானைப் படித்ததால் தப்பித்தேன். பிளானைப் படிக்காமல் அப்ளை கொடுக்காதீர்கள்.

கேள்வி (அதே நண்பர்): டேட்டா சோர்ஸ் இல்லாத மாட்யூலில் போட்டால்?

பதில்: அந்தக் குறிப்பிட்ட ஆபத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் 40 ரிசோர்ஸும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிபெண்ட்ஸ் ஆனில் குறிப்பிட்ட மாட்யூலின் கடைசி ரிசோர்ஸ் முடியும்வரை நிற்கும். ஆறு மாதம் கழித்து யாராவது எதிர்த்திசையில் ஒரு அவுட்புட்டை (மாட்யூல் வெளியே தரும் மதிப்பு) எடுத்தால் சைக்கிள்.

கேள்வி (இன்னொருவர்): நான் அந்த நண்பர் பக்கம். மறைந்திருக்கும் உறவுகளை எல்லாம் யார் நினைவில் வைப்பது?

பதில்: நியாயமான கவலை. அந்த உறவு எந்த மாட்யூலுக்குள் இருக்கிறதோ, அங்கேயே எழுதுங்கள். அவுட்புட்டுக்கும் டிபெண்ட்ஸ் ஆன் போடலாம், பலருக்கு இது தெரியாது. அந்த அவுட்புட்டை எடுப்பவர் மட்டும், தேவையானதற்கு மட்டும் காத்திருப்பார். அவருக்கு எதுவும் நினைவிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: டார்கெட் போட்டு ஒரு ரிசோர்ஸை மட்டும் அப்ளை செய்யலாமா?

பதில்: இதே கேள்வி மூன்று பேரிடமிருந்து. அவசரத்துக்குச் செய்யலாம், அது சார்ந்திருப்பவையும் சேர்ந்து வரும். பழக்கமாக்காதீர்கள். தினமும் தேவைப்பட்டால் ஸ்டேட் (கட்டியவற்றின் பதிவு) பெரிதாகிவிட்டது, பிரியுங்கள்.

கேள்வி: ஃபைல் பெயரில் 01, 02 என்று போட்டால் வரிசை வருமா?

பதில்: வராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு ரிசோர்ஸின் பிளாக்கை ஃபைலிலிருந்தே அழித்துவிட்டேன். குறிப்பே இல்லாதபோது இடிக்கும் வரிசை எப்படித் தெரியும்?

பதில்: அருமையான கேள்வி. ஒவ்வொரு ரிசோர்ஸும் எவற்றைச் சார்ந்திருந்தது என்பதை ஸ்டேட் ஃபைல் எழுதி வைத்திருக்கிறது. ஸ்டேட்டைத் திறந்து, ஒரு ரிசோர்ஸின் கீழே அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஸ்டேட்டைக் கையால் திருத்துகிறவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள்.

கேள்வி: ஓபன்டோஃபுவுக்கு மாறலாமா?

பதில்: அது 2023-இல் டெராஃபார்மிலிருந்து பிரிந்தது, இங்கே சொன்னவை அதற்கும் பொருந்தும். உரிமம் பற்றி உங்கள் நிறுவன வக்கீலைக் கேளுங்கள்.

கேள்வி (டிபெண்ட்ஸ் ஆன் நண்பர்): நீங்கள் சொன்னதால் டெஸ்ட் அக்கவுன்ட்டில் ஈ.கே.எஸ். (ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர்) மாட்யூலின் மேலிருந்த டிபெண்ட்ஸ் ஆன் வரியை எடுத்தேன். நோட் குரூப் (கிளஸ்டரின் சர்வர்கள்) விழுந்துவிட்டது.

பதில்: செய்து பார்த்ததற்கு நன்றி. நோட் குரூப் ஐ.ஏ.எம். ரோலை (அனுமதிகளைத் தாங்கும் அடையாளம்) மட்டும் குறிப்பிடுகிறது. அந்த ரோலில் பாலிசிகளை (அனுமதிகளை) இணைக்கும் ரிசோர்ஸ்கள் தனி, அவற்றுக்குக் கோடு இல்லை. பாலிசி இல்லாத ரோலோடு நோட்கள் கிளம்பி, கிளஸ்டரில் சேர முடியாமல் நின்றிருக்கும். உங்கள் பழைய வரி இந்த ஓர் உறவைத்தான் மூடி வைத்திருந்தது, அதனால் நீங்கள் பயந்ததில் காரணம் இருந்தது. ஐ.ஏ.எம். மாட்யூலில் ரோல் ஏ.ஆர்.என். (ரோலின் முழு அடையாளப் பெயர்) அவுட்புட்டைத் திறந்து, வொர்க்கர் நோட், சி.என்.ஐ. (நெட்வொர்க்), ஈ.சி.ஆர். (கன்டெய்னர் படிமங்கள்) ஆகிய மூன்று பாலிசி இணைப்புகளையும் அதன் டிபெண்ட்ஸ் ஆனில் எழுதுங்கள். ஈ.கே.எஸ். மாட்யூலின் மேல் எதுவும் வேண்டாம். ஒருமுறை அப்ளை, ஒருமுறை டெஸ்ட்ராய், இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.