சி.எம்.எல். இரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை மட்டும் போதுமா?

உங்கள் அண்ணனுக்கு சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் உறுதியாகியுள்ளது என்றும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யாமல் தினம் ஒரு மாத்திரை மட்டும் தருவது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பக் கட்டத்திலேயே கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதுவே போதும். என் அக்கா பல ஆண்டுகளாக அப்படித்தான் நலமாக இருக்கிறார்.

1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தில் உருவாகும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். (BCR-ABL) என்னும் இணைப்பு மரபணுவின் புரதம்தான் வெள்ளையணுக்களை ஓயாமல் பெருக வைக்கிறது. அதன் வேலையைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்ததும், உச்ச நீதிமன்றம் 2013இல் அம்முடிவை உறுதிசெய்ததும் இல்லையென்றால், மற்ற நிறுவனங்கள் இதைக் குறைந்த விலையில் தயாரித்திருக்க முடியாது; எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இம்மருந்து எட்டாக்கனியாகவே இருந்திருக்கும்.

மாத்திரை தொடங்கியபின் கவனம் முழுவதும் பரிசோதனை அறிக்கையில் இருக்க வேண்டும். வெள்ளையணு எண்ணிக்கை சில வாரங்களில் சீராகிவிடுவதால் நோய் போய்விட்டதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மை நிலையைச் சொல்வது, அந்த இணைப்பு மரபணு இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கப்படும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். விழுக்காடுதான். அது மூன்றாம் மாதத்தில் 10 விழுக்காட்டுக்கும், ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்கும் மேற்போகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அறிக்கையில் 'ஐ.எஸ்.' என்ற சர்வதேச அளவுகோல் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள். எண் குறையாவிட்டால், மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளப்பட்டதா என்று முதலில் கேட்பார்கள்; அடுத்து, மருந்துக்குக் கட்டுப்படாதபடி அம்மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் மரபணுத் திரிபுப் பரிசோதனை. டாசாட்டினிப், நிலோட்டினிப் என மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றுக்கும் கட்டுப்படாத டி315ஐ (T315I) என்னும் திரிபுக்குப் பொனாட்டினிப், அசிமினிப் உள்ளன.

மருந்தை நிறுத்த முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த விழுக்காடு மிகமிகக் குறைந்து, பல ஆண்டுகள் ஆழ்ந்த கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்திப் பார்க்கலாம். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். மறுபடி மாத்திரை தொடங்கினால் அநேகமாக அடங்கிவிடும். ஆனால் மாத்திரையின் பக்கவிளைவுகளான கண் இமை வீக்கத்துக்கும் கெண்டைக்கால் பிடிப்புக்கும் பயந்து தாமாகவே நாள் விட்டு நாள் சாப்பிடுவது முற்றிலும் வேறு, அது ஆபத்தானது. என் அக்காவுக்கு இவை இரண்டும் இருந்தன, குமட்டலும் இருந்தது. இரவு உணவோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் விழுங்கச் சொன்னதில் குமட்டல் குறைந்தது. மற்றவற்றுக்கு மருத்துவரிடம் சொல்லித்தான் தீர்வு கண்டோம்.