முதலிடம் மாறிவிட்டது, வீடியோ காலையில் வேண்டும்

கேள்வி: காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரி விளையாட்டு விழா வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். பரிசளிப்புக்கு முந்தைய இரவு, 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் முதலில் வந்த அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டதாகச் சொன்னார்கள். யூடியூபில் ஏற்ற வேண்டும் என்று பின்னணியில் இருந்த திரைப்பாடலையும் நீக்கச் சொன்னார்கள். விடிய விடிய உட்கார்ந்தும் அரைகுறையாகத்தான் முடிந்தது. இந்தத் தொழில் எனக்குச் சரிப்படுமா?

பதில்: தம்பி, ஒரே ஓர் இரவை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் மாற்றத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இந்த ஓட்டத்தில் 30 மீட்டர் பகுதிக்குள் பேட்டன் என்னும் கோல் கைமாற வேண்டும். தவறினால் அணி தகுதி இழக்கும். ஆட்சேபம் எழுந்தால் நடுவர்கள் தீர்ப்புச் சொல்லும்வரை முடிவு உறுதியில்லை. அதனால் வெற்றியாளர் பெயரைக் காட்டும் எழுத்தைத் தனி டிராக்கில், அதாவது தனி அடுக்கில், வையுங்கள். வர்ணனையிலும் முடிவைச் சொல்லும் வாக்கியத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அதை மாற்றப் பத்து நிமிடம் போதும்.

ஒன்று கேட்கிறேன்: இரண்டாவதாக வந்த அணி இறுதிக்கோட்டைத் தாண்டும் காட்சி உங்களிடம் இருந்ததா? பெரும்பாலும் இருக்காது. மாணவர்கள் கேமராவை முதலில் வருபவர் பின்னாலேயே திருப்பிவிடுகிறார்கள். அன்றிரவு நீங்கள் பட்ட பாட்டில் பாதி, மைதானத்திலேயே தொடங்கியிருக்கும்.

பாடல் விஷயம் வேறு. யூடியூபின் தானியங்கி முறை பதிவு பெற்ற பாடல்களை அடையாளம் கண்டுவிடும். உரிமையாளர் நினைத்தால் வீடியோவைத் தடுக்கலாம். எனவே வீடியோ எங்கே ஓடப்போகிறது என்பதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். தாளத்துக்கு ஏற்ப வெட்டிய காட்சிகள், பாட்டை எடுத்ததும் மொட்டையாகத் தெரியும். இனி துப்பாக்கிச் சத்தம், காலடி, கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவற்றை முதலில் அடுக்குங்கள். அவற்றை வைத்தே காட்சி நகர்கிறதா என்று பார்த்த பிறகு இசையைச் சேருங்கள்.

மாற்றம் வந்தவுடன் டைம்லைனில், அதாவது காட்சிகளை அடுக்கிய வரிசையில், கை வைக்காதீர்கள். அதை நகலெடுத்துவிட்டு, பொறுப்பாசிரியரிடம் எது கட்டாயம், எதை விட்டுவிடலாம் என்று கேளுங்கள். இறுதிச் சொல் யாருடையது என்பதையும் கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் விடிந்துவிடும். ரெண்டர் ஆகி முழு வீடியோவாக வெளிவரும் நேரத்தையும், அரங்கின் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் நேரத்தையும் கழித்தது போக மிச்சம்தான் உங்கள் நேரம்.

எடிட்டிங்கை முறையாகக் கற்கத் தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விளையாட்டில்தான் ஆர்வம் என்றால், 2017 முதல் தமிழிலேயே விளையாட்டு அலைவரிசை இருக்கிறது. அந்தத் துறையில் ஆட்டம் நடக்கும்போதே சிறப்புக் காட்சிகளை வெட்டி அடுக்குவார்கள். அங்கே உங்கள் அந்த இரவு ஒரு சாதாரண வேலைநாள்.

பழைய பதிப்பை அழிக்கவில்லையே? வேலைக்கான நேர்முகத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, இடையில் எத்தனை மணி நேரம் இருந்தது என்று சொல்லுங்கள்.