பேட்டி கேட்டு வளரும் ஆங்கிலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரை ஹைகோர்ட் கிளையில் ஜூனியர் வக்கீல். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். சட்டக் கல்லூரியில் எப்படியோ இங்கிலீஷில் எழுதித் தேறிவிட்டேன். தீர்ப்பு படித்தால் புரிகிறது, பெட்டிஷன் டிராஃப்ட் செய்ய வருகிறது. ஆனால் நீதிபதி குறுக்கே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் வாயில் வருவதெல்லாம் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்தான்.

போன வருஷம் ஒரு கூட்டத்தில், ரேடியோ பேட்டிகளைக் கேட்டுத்தான் தனக்கு இங்கிலீஷ் படிந்தது என்று நீங்கள் சொன்னீர்கள். அதிலிருந்து மேலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் பிபிசியின் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்', அமெரிக்காவின் 'ஃப்ரெஷ் ஏர்' இரண்டையும் போனில் கேட்கிறேன். தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி, நோட்டில் எழுதி, அகராதியில் அர்த்தம் பார்த்து வைக்கிறேன். இரண்டாவது நோட்டும் முடியப்போகிறது. பேசும்போது அதில் ஒன்றுகூட வருவதில்லை.

"ரேடியோவெல்லாம் எதுக்கும்மா, தினம் பேப்பர் தலையங்கம் படி" என்கிறார் சீனியர். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கான சொற்பட்டியலை மனப்பாடம் பண்ணு என்கிறாள் தோழி. நான் செய்வது வீண்வேலையா? அவர்கள் மாதிரியே உச்சரிக்கவும் பழக வேண்டுமா?

வி.
மேலூர்

அன்புள்ள வி.,

வீண்வேலை இல்லை. கேட்பதை விடாதீர்கள். நோட்டை மட்டும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நியூசிலாந்துக்காரர் பால் நேஷன், மொழி கற்பவர்களின் சொல்வளத்தையே ஆராய்ந்தவர். 2006இல் அவர் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். யார் துணையும் இல்லாமல் ஒன்றைப் புரிந்துகொள்ள அதில் வரும் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எழுத்தைப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவைப்படும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும் என்பது அவர் கண்ட முடிவு. ஹேப்பி, அன்ஹேப்பி, ஹேப்பினஸ் மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பம் என்ற கணக்கு அது. தினமும் தீர்ப்புகளோடு மாரடிக்கிற உங்களுக்கு, பேட்டி கேட்பதற்கு வேண்டிய அளவு கையில் இருக்கிறது அல்லது எட்டும் தூரத்தில் இருக்கிறது.

98 சதவீதம் தெரிந்தால்கூட ஐம்பதில் ஒன்று தெரியாது. நிதானமாகப் பேசுகிறவர் நிமிஷத்துக்கு 150 சொல் பேசுவார் என்று வையுங்கள். நிமிஷத்துக்கு மூன்று சொல் தெரியாமல் போகும். முக்கால் மணி நேரப் பேட்டியில் அது நூறைத் தாண்டிவிடும். அத்தனைக்கும் நிறுத்தி நிறுத்தி எழுதினால் நீங்கள் பேட்டியையே கேட்கவில்லை. பேச்சு எங்கிருந்து எங்கே போகிறது, எந்தக் கேள்விக்கு அவர் குரல் மாறுகிறது, எல்லாம் போயிற்று. அர்த்தம் தங்குவதே அந்த இழையில்தான். இழையை அறுத்துவிட்டு மணிகளை மட்டும் நோட்டில் கொட்டி வைத்தால் எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது.

ரேடியோ பேட்டியில் நமக்குள்ள பெரிய வசதி, படம் இல்லாததுதான். டிவியில் கையை விரித்துக் காட்டலாம், முகத்தைச் சுளித்தே ஒரு பதிலை முடித்துவிடலாம். ரேடியோவில் சுளிப்புக்கும் வார்த்தை வேண்டும். நீங்கள் கேட்கிற 'ஃப்ரெஷ் ஏர்' நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். டெரி குரோஸ் 1975லிருந்து அதை நடத்துகிறார். அவர் பிலடெல்பியாவில் உட்கார்ந்திருப்பார், விருந்தினர் பெரும்பாலும் வேறெங்கோ ஒரு ஸ்டுடியோவில் இருப்பார். பேசிக்கொள்கிற இருவருக்கே ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வருத்தம், தயக்கம், நக்கல் எதுவாயிருந்தாலும் சொல்லில் வந்தாக வேண்டும்.

அதோடு, நல்ல பேட்டியாளர் நேயர்களுக்காகவும் கேட்கிறவர். விருந்தினர் தன் தொழில் வார்த்தை ஒன்றைப் போட்டுவிட்டால், "அப்படியென்றால்?" என்று உடனே மறிப்பார். அல்லது கேட்டதைத் தன் வாயால் எளிமையாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். மெல்வின் பிராக் 1998லிருந்து பல ஆண்டுகள் பிபிசி ரேடியோ 4இல் 'இன் அவர் டைம்' நடத்தினார். மூன்று பேராசிரியர்களை உட்காரவைத்து, அவர்கள் புகைமூட்டத்துக்குள் போகும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவருவார். அகராதி செய்கிற வேலை அங்கே காதிலேயே நடக்கிறது. ஆனால் அது அடுத்த வாக்கியத்தில் நடக்கும். நீங்கள் அந்த நேரத்தில் நிறுத்திவிட்டு அகராதி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதுதான் உயிர். தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறவர் சரியான சொல்லுக்காகத் தடுமாறுகிற இடம். விருந்தினரின் அப்பாவைப் பற்றிப் பேச்சு வருகிறது என்று வையுங்கள். "ஸ்ட்ரிக்டான மனிதரா?" என்று பேட்டியாளர் எடுத்துக்கொடுக்கிறார். விருந்தினர் ஒரு கணம் நிற்கிறார். ஸ்ட்ரிக்ட் என்று சொல்ல மாட்டேன், 'எக்ஸாக்டிங்' என்று சொல்லலாம் என்கிறார். இது நான் கட்டிய உதாரணம், ஆனால் ஒரு மாதம் கேட்டால் இப்படிப் பத்து இடமாவது காதில் விழும். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் கண்டிப்பு, கறார் என்றுதான் ஏறக்குறைய போட்டிருக்கும். பேட்டியில் அடுத்த ஒரு நிமிஷம் அவர் விளக்குவார்: ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் அப்பா கேட்க மாட்டார், ஆனால் எழுதிய கடிதத்தில் ஒரு கமா பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வார். அவ்வளவுதான். அந்தச் சொல் ஜென்மத்துக்கும் மறக்காது. பத்தரைக்குள் ஆபீஸ் வராவிட்டால் கேஸ் கட்டைத் தொடாதே என்பவர் ஸ்ட்ரிக்ட். ஒரே டிராஃப்ட்டை மூன்று தடவை திருப்பி அடிக்கச் சொல்பவர் எக்ஸாக்டிங். உங்கள் சீனியர் எந்த ரகம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உயர்நிலைச் சொல்வளம் என்று நான் நினைப்பது இதைத்தான். தெரிந்த சொல்லுக்கும் அதன் பக்கத்து வீட்டுச் சொல்லுக்கும் நடுவே வரப்பு எங்கே ஓடுகிறது என்று தெரிவது. ஜிஆர்இ பட்டியல் இதைக் கொடுக்காது. அதில் 'பெர்ஸ்பிகேஷியஸ்' இருக்கும், கூர்மதியுள்ள என்று அர்த்தம். அதை ஆர்க்யூமென்ட்டில் எடுத்து விட்டுப் பாருங்கள், நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்ப்பார்.

கடினச் சொல் இல்லாமல் ஒருவரை எப்படி மடக்குவது என்பதற்கு வக்கீல்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பேட்டி உண்டு. 2012 நவம்பர் 10, சனிக்கிழமை காலை, ரேடியோ 4இன் 'டுடே' நிகழ்ச்சி. பேட்டி எடுத்தவர் ஜான் ஹம்ப்ரிஸ். எதிரே இருந்தவர் பிபிசியின் அப்போதைய தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில், அதாவது ஹம்ப்ரிஸுக்கே மேலதிகாரி. தவறான குற்றச்சாட்டை ஒளிபரப்பியதற்காக பிபிசி மன்னிப்புக் கேட்ட மறுநாள் அது. ஒளிபரப்புக்கு முன் உங்களுக்குத் தெரியுமா, யாராவது சொன்னார்களா, நீங்களாக ஏன் கேட்கவில்லை, இவைதான் கேள்விகளின் சாரம். எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள். அந்தக் குற்றச்சாட்டு வந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பான இரவில் பார்க்கவில்லை, முந்தின நாள் பத்திரிகையின் முதல் பக்கத்தையும் பார்க்கவில்லை என்று அவர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று இரவே ராஜினாமா. பதவியில் இருந்தது 54 நாள். கீழ்க்கோர்ட்டில் குறுக்கு விசாரணை பார்த்திருப்பீர்கள், இந்த ஜாதிதான் அதுவும்.

இப்படிப்பட்ட அரசியல் பேட்டிகளில் கனமான சொற்கள் பெரும்பாலும் பதில் பக்கம்தான் சேரும். நழுவுகிறவருக்குத்தான் வார்த்தை அதிகம் வேண்டியிருக்கிறது. 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஒரு மந்திரி ஆரம்பித்தால் நீ சொல்வது தப்பு என்று பொருள். 'வித் தி கிரேட்டஸ்ட் ரெஸ்பெக்ட்' என்றால் சுத்தத் தப்பு. கறுப்புக் கோட்டு போட்டவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீனியர் சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். தலையங்கம் எழுதக் கற்றுக்கொடுக்கும். பேசும் இங்கிலீஷ் அதில் இல்லை, யார் வாயும் தலையங்கம் போலப் பேசுவதில்லை. பட்டியலே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். 2000இல் ஆவ்ரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் 570 குடும்பங்களோடு நின்றுவிடும், உபயோகமானது. அதில் 'நாட்வித்ஸ்டாண்டிங்' இருக்கிறது, 'வேர்பை' இருக்கிறது, 'ஆல்பீட்' இருக்கிறது. எல்லாமே உங்கள் தீர்ப்புகளில் தினம் பார்க்கிறவை. ஆனால் கடைசியாகச் சொன்னதைக் காதால் கேட்டிருக்கிறீர்களா? ஆல்-பீ-இட் என்று மூன்று அசை. எழுத்தைப் பார்த்து 'ஆல்பைட்' என்று நம்மூரில் சொல்கிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு மட்டும் தெரிந்த சொல்லை வாய் நம்பாது. கோர்ட்டில் நின்று பேசும் அவசரத்தில், உச்சரிப்பில் சந்தேகமுள்ள சொல்லை மூளை ஓசையில்லாமல் ஒதுக்கிவிட்டு பத்தாம் வகுப்புச் சொல்லை எடுத்து நீட்டும். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே இனிப் பஸ்ஸில் நோட்டு வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்துக் கேட்கிறார்கள் சிலர், அதுவும் வேண்டாம். இங்கிலீஷ் ஓடுவது அழுத்தத்தில். ஃபோட்டோகிராஃபில் முதல் அசையில் விழும் அழுத்தம் ஃபடாக்ரஃபியில் இரண்டாவதுக்கு நகர்ந்து, முன்னிருந்த உயிரெழுத்தையே கரைத்துவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் இந்த ஏற்ற இறக்கம் இழுபட்டு உருத்தெரியாமல் போகும். புரியாவிட்டால் அதே வேகத்தில் இன்னொரு முறை கேளுங்கள். ஷார்ட்வேவில் கரகரப்புக்கு நடுவே கேட்ட எங்களுக்கு இந்த இன்னொரு முறை கிடையாது. எங்களுக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒன்று வைத்திருந்தது. 1959இல் தொடங்கியது, 1,500 சொல்லுக்குள், நிதானமான வேகத்தில். ஆரம்பத்துக்கு அருமை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்தபின், மனதில் தைத்த ஐந்து நிமிஷத்தை மட்டும் எழுத்து வடிவத்தோடு மறுபடி கேளுங்கள். அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரின் தளத்தில் 'ஃப்ரெஷ் ஏர்' பேட்டிகளின் எழுத்து வடிவம் இலவசமாகவே கிடைக்கிறது. நோட்டைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள், யார் எதைப் பற்றிச் சொன்னது என்ற ஒரு வரிக் குறிப்போடு. பேசியவரோடு சேர்ந்து, அதே மூச்சில், வாய்விட்டு நாலைந்து முறை சொல்லுங்கள். அந்த வாரத்துக்குள் யாரிடமாவது அதைப் பயன்படுத்திவிடுங்கள், சக ஜூனியரிடமானாலும் சரி. ஒரு பேட்டிக்கு இரண்டு வாக்கியம் தேறினாலே லாபம்.

ஆளும் விஷயமும் அடிக்கடி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீபன் கிராஷன் இதைக் 'குறுகிய கேட்டல்' என்பார். ஒரே விஷயத்தைப் பலர் பேசிக் கேட்டால் அதே சொற்கள் வேறு வேறு வாயில் திரும்பத் திரும்ப வரும். இன்று சமையல்காரர், நாளை கிரிக்கெட்டர், நாளன்று கவிஞர் என்று கேட்டால் ஒவ்வொருவர் சொல்லும் ஒரு தடவை தலைகாட்டிவிட்டுப் போய்விடும். 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' 1942லிருந்து நடக்கிறது, அதில் இல்லாத ஆள் இல்லை. எட்டு இசைத்தட்டு, ஒரு புத்தகம், ஒரு ஆடம்பரப் பொருள் என்று அமைப்பு மாறாததால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது, என்பிஆரின் சட்டத்துறை நிருபர் நீனா டோட்டன்பர்க், மறைந்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கோடு நடத்திய உரையாடல்கள். கின்ஸ்பர்க் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் இடைவெளி பிரசித்தம். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், முடிந்திருக்காது. அந்த இடைவெளியில் அடுத்து என்ன சொல் போடுவார் என்று நீங்கள் மனதுக்குள் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். அவர் போடுவது பெரும்பாலும் உங்களுடையதைவிட எளிமையாக இருக்கும்.

உச்சரிப்பு பற்றிக் கேட்டீர்கள். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஊர்வாடையை மாற்ற வேண்டாம். 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்திய கர்ஸ்டி யங் ஸ்காட்லாந்துக்காரர். 2018இல் அவருக்குப் பின் வந்த லாரன் லாவர்ன் வடக்கே சண்டர்லேண்டில் பிறந்தவர். இருவர் பேச்சிலும் ஊர் தெரியும். அவர்களே மாற்றிக்கொள்ளவில்லை, நீங்கள் ஏன் மேலூரை விட வேண்டும்?

கடைசியாக, பேட்டி இல்லாத ஒன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955லிருந்து வாதங்களை ஒலிப்பதிவு செய்துவருகிறது. 'ஓயெஸ்' என்ற தளத்தில் எழுத்து வடிவம் கூடவே ஓட அவற்றைக் கேட்கலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பர் 27லிருந்து அரசியல் சாசன அமர்வுகளை நேரலையில் காட்டுகிறது. வக்கீல் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீதிபதி குறுக்கே புகுந்துவிடுவார். சட்ட நுணுக்கத்தையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேள்வி விழுந்ததும் முதல் இரண்டு விநாடியில் வக்கீல் என்ன சொல்லி நேரம் வாங்குகிறார் என்பதை மட்டும் ஒரு மாதம் சேகரியுங்கள். சேர்ந்ததை எனக்கு எழுதி அனுப்புங்கள், எனக்கும் வேண்டும்.